நிலவில் இறங்கும் விளையாட்டு: லெக்சிங்டனிலிருந்து பழவேற்காடு வரை

1969 ஜூலை 20. நீல் ஆம்ஸ்ட்ராங் ஈகிள் கலத்தை நிலவில் இறக்கிக்கொண்டிருந்தார். கணினி கொண்டுசெல்லும் இடத்தில் பாறைகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்ததும் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, சமதரை தேடி மேலும் சிறிது தூரம் பறந்தார். கலத்தின் கால்கள் மண்ணைத் தொட்டபோது, இன்னும் ஒரு நிமிடம் பறப்பதற்குக்கூடப் போதாத எரிபொருள்தான் தொட்டியில் இருந்தது.

சில மாதங்கள் கழித்து, அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெக்சிங்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஸ்டோரர் என்ற மாணவர், அந்தக் கடைசி நிமிடங்களைக் கணினியில் எழுதிப் பார்த்தார். பள்ளியில் இருந்தது பி.டி.பி-8 என்ற இயந்திரம். எழுதிய மொழி ஃபோகல். உலகம் இன்றுவரை விளையாடிக்கொண்டிருக்கும் நிலவிறங்கு விளையாட்டு பிறந்தது அப்படித்தான்.

அதே 1969-இல் இந்தியாவில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ தொடங்கப்பட்டது. ராக்கெட் ஏவுவதற்கு ஏற்ற இடமாக, பழவேற்காடு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்துக் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. நிலவில் மனிதன் இறங்கியதும், அந்த இறக்கம் விளையாட்டானதும், பொன்னேரிக்கு வடக்கே இருக்கும் அந்த மணல்தீவின் தலையெழுத்து மாறியதும் ஒரே ஆண்டில். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து இந்த மூன்று இழைகளும் பழவேற்காட்டு வானத்தில் வந்து கூடின. இடைப்பட்ட பயணத்தில் அந்த விளையாட்டு எத்தனை உடல்கள் மாறியது, ஏன் சாகவில்லை என்பதே இந்தக் கட்டுரை.

காகிதத்தில் ஒரு நிலவு

ஸ்டோரரின் விளையாட்டில் படம் கிடையாது. திரையே கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம் காகிதத்தில் எண்களை அடித்துக்கொண்டே போகும்: கடந்த நொடிகள், உயரம், வேகம், மிச்சமுள்ள எரிபொருள். ஆடுபவர் நிலவிலிருந்து 120 மைல் உயரத்தில் இருக்கிறார். நொடிக்கு ஒரு மைல் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 5,800 கி.மீ. வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார். பத்து நொடிக்கு ஒருமுறை அவர் ஓர் எண்ணைத் தரவேண்டும். பூஜ்யம் கொடுத்தால் இன்ஜின் அணைந்திருக்கும். 8 முதல் 200 வரை எதைக் கொடுத்தாலும் நொடிக்கு அத்தனை பவுண்டு எரிபொருள் எரியும். கையிருப்பு 16,000 பவுண்டு.

இவ்வளவுதான் விளையாட்டு. எண்ணைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இயந்திரம் சடசடவென்று அடுத்த வரியை அச்சிடும். வேகம் குறைந்திருக்கிறதா, உயரம் போதுமா, எரிபொருள் தாங்குமா என்று பார்த்து அடுத்த எண்ணை முடிவு செய்ய வேண்டும். தவறினால், உங்கள் கலம் நிலவில் எத்தனை அடி ஆழத்துக்குப் பள்ளம் பறித்தது என்று கணக்குச் சொல்லி முடித்துவிடும்.

அந்தப் பள்ளி மாணவர் எடுத்துக்கொண்ட சிரமம் வியப்பானது. எரிபொருள் எரிய எரியக் கலத்தின் எடை குறையும். எடை குறைந்தால் அதே உந்துவிசைக்கு வேகமாற்றம் கூடும். இதையும் அவர் கணக்கில் சேர்த்திருந்தார். ராக்கெட் அறிவியலின் அடிப்படைச் சமன்பாட்டை நினைவகம் மிகக் குறைந்த ஓர் இயந்திரத்தில் ஓடவைத்தார். அதில் ஒரு சிறு பிழையும் இருந்தது. கலம் எந்த நொடியில் மிகத் தாழ்வான புள்ளியை அடையும் என்று கணிக்கும் சூத்திரத்தில் இரண்டால் வகுக்க வேண்டிய ஓரிடம் விட்டுப்போயிருந்தது. 2024-இல் மார்ட்டின் சி. மார்ட்டின் என்ற நிரலாளர், மிகக் குறைந்த எரிபொருளில் இறங்குவது எப்படி என்று அந்தப் பழைய நிரலை ஆராய்ந்தபோதுதான் அது வெளிப்பட்டது. 55 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்றால், அந்த விளையாட்டுக்குள் இருக்கும் உயிர் எத்தகையது என்று நாம் புரிந்துகொள்ளலாம். ஸ்டோரர் பிற்காலத்தில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியரானார்.

விளையாட்டு பள்ளிச் சுவரைத் தாண்டியதற்குக் காரணம் டேவிட் ஆல். பி.டி.பி. கணினிகளைத் தயாரித்த டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் அவர் வேலை பார்த்தார். ஸ்டோரரின் நிரலை எளிய பேசிக் மொழிக்கு மாற்றி, வேறிருவர் எழுதிய இரண்டு நிலவிறங்கு விளையாட்டுகளையும் சேர்த்து, 101 கணினி விளையாட்டுகள் கொண்ட ஒரு புத்தகத்தில் 1973-இல் வெளியிட்டார். 1978-இல் வீட்டுக் கணினிகளுக்கென வந்த அதன் மறுபதிப்பு பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. அன்று மென்பொருள் ஊர் ஊராகப் பரவியது புத்தகத்தின் வழியாகத்தான். ஒவ்வொரு வாசகரும் வரி வரியாகத் தட்டெழுதி ஓடவைத்தார்கள். தட்டெழுதியவர்கள் எண்களை மாற்றிப் பார்த்தார்கள். எரிபொருளைக் குறைத்தார்கள், ஈர்ப்பைக் கூட்டினார்கள். விளையாடியவர்கள் அப்படியே விளையாட்டு செய்பவர்களாக ஆனார்கள்.

இரண்டே வரி விதி

இந்த விளையாட்டின் உள்ளே இருப்பதை இரண்டு வரிகளில் எழுதிவிடலாம்.

புதிய வேகம் = பழைய வேகம் + (முடுக்கம் × காலம்)
புதிய உயரம் = பழைய உயரம் − (வேகம் × காலம்)

இன்றைய பிரவுசர் விளையாட்டு இந்த இரண்டு வரிகளை நொடிக்கு அறுபது முறை கணக்கிடுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பில் ‘இயக்கம்’, பத்தாம் வகுப்பில் ‘இயக்க விதிகள்’ என்று வரும் பாடங்களின் சாரம் இதுதான். 1687-இல் நியூட்டன் அச்சேற்றிய விதிகளிலிருந்து வருவதும் இதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிலவில் ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 1.62 மீட்டர். பூமியில் 9.8. நூறு மீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்கும் கலத்தைக் கைவிட்டால், பூமியில் நாலரை நொடியில் தரையை அடிக்கும். நிலவில் பதினொரு நொடி ஆகும். மோதும் வேகம் மணிக்கு 65 கி.மீ. இப்போது உங்கள் இன்ஜினுக்குக் கலத்தின் நிலவு எடையைப் போல் இரண்டு மடங்கு உந்துவிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐம்பது மீட்டரை விழ விட்டுவிட்டு, சரியாகப் பாதியில் இன்ஜினை முழுதாகத் திறந்தால் தரையைத் தொடும்போது வேகம் பூஜ்யம். ஒரே ஒரு நொடி தாமதித்தால்? தரையில் மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 34 கி.மீ. கலம் நொறுங்கும். சரி, முன்கூட்டியே திறந்துவிட்டால்? தரைக்கு மேலேயே நின்றுபோய், அந்தரத்தில் தொங்கியபடி எரிபொருளைத் தின்றுகொண்டிருக்கும்.

ஒரு நொடியின் விலை இது. ஆடுபவருக்குச் சூத்திரம் தெரிய வேண்டியதில்லை. பத்துத் தடவை விழுந்து நொறுங்கியபின் விரலுக்கு அந்த நொடி தெரிந்துவிடுகிறது. எளிய இயற்பியல் விளையாட்டுகளின் ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவற்றுக்கு விளக்கவுரை வேண்டாம். மேலே எறிந்தது கீழே விழும், ஓடுவது உடனே நிற்காது என்பதெல்லாம் நடக்கக் கற்ற நாளிலேயே நம் உடம்புக்குத் தெரியும். தோற்றால் அந்தத் தோல்வி முழுக்க நம்முடையது. இயந்திரம் யாருக்கும் சலுகை காட்டவில்லை, யாரையும் வஞ்சிக்கவும் இல்லை. அடுத்த வாய்ப்பு இரண்டு நொடியில் கிடைக்கிறது. இப்படி ஆளுக்கு ஆள் பேதம் பார்க்காத ஒரு விதியோடு தனியாக மோதிப் பார்க்கும் வாய்ப்பு வாழ்க்கையில் வேறெங்கும் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

படமும் வந்தது, காசும் வந்தது

1973-இல் ஜாக் பர்னஸ் என்பவர் டிஜிட்டல் நிறுவனத்தின் ஜி.டி.40 வரைகலைத் திரைக்காக ஒரு வடிவம் எழுதினார். இப்போது நிலவின் மேடு பள்ளம் கோடுகளாகத் தெரிந்தது. கலம் சாய்ந்தும் நிமிர்ந்தும் இறங்கியது. ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு இன்ஜினைக் கூட்டிக் குறைக்கலாம். சரியான ஓரிடத்தில் இறங்கினால் நிலவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை இருக்கும், விண்வெளி வீரர் இறங்கி நடந்துபோய் உணவு வாங்கி வருவார். படம் வந்ததும் விளையாட்டின் இயல்பே மாறியது. மேலும் கீழுமாக மட்டும் இருந்த கணக்கோடு பக்கவாட்டு வேகமும் சேர்ந்தது. வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும் கலத்தை நிறுத்த இடப்பக்கம் உந்த வேண்டும். உந்தினால் உயரம் தவறும். ஒன்றைத் திருத்தப்போனால் இன்னொன்று கெடும்.

1979 ஆகஸ்டில் அட்டாரி நிறுவனம் ஹாவர்ட் டெல்மன், ரிச் மூர் இருவரின் உழைப்பில் ‘லூனார் லேண்டர்’ என்ற காசு போட்டு ஆடும் இயந்திரத்தை வெளியிட்டது. கறுப்புத் திரையில் ஒளிக்கோடுகள். வலப்பக்கம் பெரிய நெம்புகோல்: நகர்த்த நகர்த்த உந்துவிசை கூடும், கையை எடுத்தால் தானே திரும்பிவிடும். போடும் ஒவ்வொரு காசுக்கும் எரிபொருள். விதி இலவசம், எரிபொருளுக்குத்தான் விலை என்ற அந்த ஏற்பாடு நிஜ விண்வெளிப் பயணத்துக்கு மிக நெருக்கமானது. சில மாதங்களில் அதே மின்சுற்றுகளைக் கொண்டு வந்த ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ பெரும் வெற்றி பெற்று இதைப் பின்னுக்குத் தள்ளியது.

அதே 1979 ஆகஸ்ட் மாதம், 10-ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலம் எஸ்.எல்.வி-3 புறப்பட்டது. திட்ட இயக்குநர் ராமேசுவரத்தின் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவால் ராக்கெட் நிலைதடுமாறி, 317 நொடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே இடத்திலிருந்து அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. விதியைப் புரிந்துகொண்டு மறுபடி முயல்வதே அங்கும் வழியாக இருந்தது. ஆனால் நிஜத்தில் மறுமுயற்சிக்கு ஓராண்டு பிடித்தது.

பிரவுசருக்குள் குடியேறியது

இணையம் வந்தபோது இந்த விளையாட்டுக்கு இன்னோர் உடல் கிடைத்தது. 1990-களின் நடுவில் ஜாவா சிறுநிரல்களாக வந்தது. 1996-இல் தோன்றிய ஃப்ளாஷ் தொழில்நுட்பம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. ஃப்ளாஷ் கோப்பு மிகச் சிறியது. எதையும் நிறுவ வேண்டாம். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த காலத்தில், அரைகுறை வேகத்திலும் திறந்துகொண்டவை இத்தகைய விளையாட்டுகள்தான்.

அதன் உறவினர்களும் அங்கே பிறந்தார்கள். ஸ்லோவேனியாவின் ஓவிய மாணவர் போஷ்தியான் சாதேஷ் 2006-இல் ‘லைன் ரைடர்’ செய்தார். கோடு வரைந்தால் அதன்மேல் ஒரு சிறுவன் பனிச்சறுக்கு வண்டியில் சரிந்து போவான், அவ்வளவே. அதே ஆண்டு எரின் காட்டோ என்ற பொறியாளர் ‘பாக்ஸ்2டி’ என்ற இயற்பியல் நிரல்தொகுப்பைக் கட்டணமின்றி வெளியிட்டார். உருளல், மோதல், சரிவு எல்லாவற்றையும் அது கணக்கிட்டுத் தந்துவிடும். 2009-இல் வந்த ‘கிரஷ் தி காசில்’ பிரவுசரில் கோட்டைகளை இடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பின்லாந்திலிருந்து வந்த ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ பாக்ஸ்2டி-யைக் கொண்டே ஓடியது. அந்தப் பறவைகள் உலகப் புகழ் பெற்ற பிறகு, 2011-இல் நடந்த ஒரு மாநாட்டில் காட்டோ எழுந்து நின்று, எந்த இயற்பியல் தொகுப்பைப் பயன்படுத்தினீர்கள் என்று அந்த நிறுவனத்தாரிடம் கேட்டார். பதில் வந்ததும், விளையாட்டில் அதற்கு நன்றி குறிப்பிடும்படி கேட்டுக்கொண்டு, அதை எழுதியவன் நான்தான் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். எளிய விளையாட்டுகளுக்குப் பின்னால் நிற்கும் இத்தகைய மனிதர்களின் பெயரைச் சொல்வது நம் கடமை.

கல்வியாளர்களும் இதை விடவில்லை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டம், பள்ளிப் பிள்ளைகளுக்கான ஊடாடும் இயற்பியல் பாடங்களைப் பிரவுசரில் இலவசமாகத் தருகிறது. அதிலும் ஒரு நிலவிறங்கு விளையாட்டு இருந்தது.

பிறகு ஃப்ளாஷுக்கு முடிவு வந்தது. ஐபோன் அதை ஏற்க மறுத்தது. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் ஆதரவை நிறுத்தியது. பன்னிரண்டு நாளில் ஃப்ளாஷ் கோப்புகள் ஓடுவதே தடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் ஒரே நாளில் இருண்டன. தன்னார்வலர்கள் சிலவற்றை ஆவணக் காப்பகங்களில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். நிலவிறங்கு விளையாட்டுக்கு மட்டும் பெரிய சேதமில்லை. இரண்டு வரி விதியைப் புதிய மொழியில் எழுத ஒரு மாலைப்பொழுது போதும். எச்.டி.எம்.எல்-5 தந்த கேன்வாஸ் பரப்பில் அது மறுபடி இறங்கத் தொடங்கியது. பொருள் எவ்வளவு எளியதோ அவ்வளவு நீண்ட ஆயுள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆடுபவர் இல்லாத ஆட்டம்

2019 செப்டம்பர் 7 அதிகாலை. சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் கலம் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தது. திட்ட இயக்குநர் சென்னையைச் சேர்ந்த மு. வனிதா. தரைக்கு 2.1 கி.மீ. மேலே இருக்கும்போது தொடர்பு அறுந்தது. அந்தத் தோல்வியைப் பின்னர் இஸ்ரோ விளக்கியது: ஐந்து இன்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக உந்தின. சிறு சிறு பிசகுகள் சேர்ந்துகொண்டே போயின. திருத்துவதற்கு வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் மென்பொருள் திரும்பும் வேகத்துக்கு வரம்பு வைத்திருந்தது. இறங்குமிடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். நிலவிறங்கு விளையாட்டை ஆடிய எவருக்கும் இந்த விளக்கம் புரியும். கூடுதல் உந்துதல், தாமதமான திருத்தம், குறுகிய தளம்: ஒவ்வொரு சிறுவனும் தோற்கும் முறை இதுவே.

அந்த உடைசல்களை நிலவில் முதலில் அடையாளம் கண்டவர் சென்னையில் இருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசா வெளியிட்ட படங்களைத் தன் கணினியில் அருகருகே வைத்து ஒப்பிட்டு, ஒரு புள்ளி மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். 2019 டிசம்பரில் நாசா அதை உறுதிசெய்து அவர் பெயரை அறிவித்தது. வீட்டிலிருந்த கணினியும் பொறுமையுமே அவருடைய ஆய்வுக்கூடம்.

2023 ஜூலை 14, பிற்பகல் 2.35 மணி. ஏறத்தாழ 640 டன் எடையுள்ள எல்.வி.எம்-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3-ஐத் தூக்கிக்கொண்டு எழுந்தது. இந்த முறை திட்ட இயக்குநர் விழுப்புரத்தின் ப. வீரமுத்துவேல். இறங்குமிடம் 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று அகலப்படுத்தப்பட்டது. இன்ஜின்கள் நான்காகக் குறைந்தன. எரிபொருள் கூடியது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் தாங்கும்படி கால்கள் வலுப்படுத்தப்பட்டன. இறங்கும் சோதனைகளுக்கு நிலவு மண்ணுக்கு நிகராக அமைந்தது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தோசைட் பாறைத்தூள்.

ஆகஸ்ட் 23 மாலை, 30 கி.மீ. உயரத்திலிருந்து நொடிக்கு 1.68 கி.மீ. வேகத்தில் சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் இறக்கத்தைத் தொடங்கியது. பெங்களூருவின் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து யாரும் அதை ஓட்ட முடியாது. நிலவுக்குச் செய்தி போய்த் திரும்ப இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். ஒரு நொடித் தாமதத்தின் விலை மணிக்கு 34 கி.மீ. என்று மேலே கணக்குப் பார்த்தோம். ஆகவே கலமே தன் உயரத்தை அளந்து, தன் வேகத்தை அளந்து, தன் இன்ஜினைக் கூட்டிக் குறைத்துக்கொண்டது. 1969-இல் பத்து நொடிக்கு ஒருமுறை மனிதக் கை தந்த எண்ணை, இப்போது நொடிக்குப் பலமுறை கணினி தந்தது. 6.04 மணிக்கு விக்ரம் தரையில் நின்றது.

அதே ஆண்டு மற்றவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஜப்பானியத் தனியார் நிறுவனம் ஒன்றின் ஹகுட்டோ-ஆர் கலம் தன் உயரத்தைத் தவறாகக் கணித்து, தரைக்கு ஏறத்தாழ 5 கி.மீ. மேலேயே மெதுவாகி, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. விக்ரம் இறங்குவதற்கு நான்கு நாள் முன்பு, ரஷ்யாவின் லூனா-25 கலத்தின் இன்ஜின் 84 நொடி எரிய வேண்டிய இடத்தில் 127 நொடி எரிந்தது. அதுவும் நிலவில் மோதி அழிந்தது. பெரிய நாடு, பழைய அனுபவம், பணம் எதையும் அந்த இரண்டு வரி விதி பார்க்கவில்லை.

பழவேற்காட்டுக் கரையில்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் சாலை போகிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் அது. ஊரை ஒட்டிக் கிடப்பது, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் எனக் கரை நெடுகக் குப்பங்கள். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறை இங்கு இன்னும் உண்டு. முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் அதைத் தூர்வாரக் கோருவதும் இந்த மக்களின் தீராத கவலை.

ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வரும். படகுகள் கரையில் நிற்கும். அன்றைய வருமானம் போகும். தீவில் குடியிருந்த குடும்பங்கள் பல, ஏவுதளத்துக்காக முன்பே இடம்பெயர்ந்தன. இந்தியா நிலவைத் தொடுவதற்கான விலையில் ஒரு பங்கை இந்தக் குப்பங்கள் ஒவ்வோர் ஏவுதலுக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. ராக்கெட்டின் ஒலியும் ஒளியும் ஏரியைத் தாண்டி வருகின்றன. அதன் அறிவு எவ்வளவு வந்திருக்கிறது?

அந்த அறிவைப் பெற இவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. ஃபைபர் படகு கரை பிடிப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஓட்டுபவர் கரைக்கு நேரே அலைகளைப் பார்த்தபடி காத்திருப்பார். ஓர் அலையின் முதுகைப் பிடித்ததும் இன்ஜினை முறுக்குவார். மணல் நெருங்கும் நேரத்தில் வேகத்தைக் குறைத்து இன்ஜினைத் தூக்கிவிடுவார். முன்பே குறைத்தால் அலை படகை விட்டுவிட்டுப் போய்விடும், பின்னால் வரும் அலை பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்க்கும். தாமதித்தால் இன்ஜின் மணலில் இடிக்கும். நிறை, வேகம், உந்துவிசை, நேரம் என்று ஸ்டோரரின் விளையாட்டில் இருக்கும் அத்தனையும் அந்தக் கையில் இருக்கின்றன. அப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்கு வந்த இயற்பியல் அது. அதற்கு மதிப்பெண் கிடையாது. பள்ளியில் அதே பிள்ளை, முடுக்கம் என்றால் என்ன என்ற கேள்விக்கு விழிக்கிறான். கையில் இருப்பதற்கும் ஏட்டில் இருப்பதற்கும் நடுவே பாலம் இல்லாததே குறை.

அந்தப் பாலமாக ஒரு சிறிய பிரவுசர் விளையாட்டு இருக்க முடியும். கருவி இப்போது தடையில்லை. 2011 செப்டம்பரில் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட இலவச மடிக்கணினித் திட்டம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுக்குக் கணினியைக் கொண்டுவந்தது. 2016-க்குப் பிறகு இணையக் கட்டணம் சரிந்தது. இன்று குப்பத்து வீடுகளிலும் போன் இருக்கிறது. ஆனால் அதில் பிள்ளைகள் ஆடுவதில் பெரும்பகுதி, காசு கேட்டு நச்சரிப்பவையும் விளம்பரத்தால் நிறைந்தவையும் வெற்றி தோல்வியைத் தாங்களே தீர்மானித்து ஆளைக் கட்டிப்போடுபவையும்தான். இயற்கை விதியை நேர்மையாகக் காட்டும் விளையாட்டு அவற்றுக்கு நடுவே ஒரு மூலையில் கிடக்கிறது.

இது மாற வேண்டும். மாற்றுவதற்குப் பெரும் பணமோ பெரும் நிறுவனமோ தேவையில்லை. கணினி அறிவியல் படிக்கும் ஒரு கல்லூரி மாணவர் ஒரு வாரத்தில் செய்துவிடக்கூடிய வேலை இது. நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும் ஒரே கோப்பு. ஒருமுறை இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாத முகத்துவாரத்திலும் ஓட வேண்டும். மலிவான போனிலும் ஓட வேண்டும். எழுத்தெல்லாம் தமிழில் இருக்க வேண்டும். உயரம், வேகம், எரிபொருள் மூன்றும் எண்ணாகத் திரையில் தெரிய வேண்டும். ஈர்ப்பைப் பூமிக்கும் நிலவுக்கும் செவ்வாய்க்கும் மாற்றிக்கொள்ள வசதி வேண்டும். இன்னொரு கட்டத்தில் நிலவுக்குப் பதில் கடற்கரையும் கலத்துக்குப் பதில் படகும் இருக்கட்டும்: அலையைப் பிடித்துக் கரை சேர்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் ஆசிரியரைவிட மாணவர் நன்றாக ஆடுவார், மாணவரைவிட அவருடைய அப்பா நன்றாக ஆடுவார். வகுப்பறையில் அந்த ஒரு நாள் செய்யும் வேலையைப் பத்துத் தேர்வுகள் செய்யாது.

பொன்னேரி வட்டாரத்து ஆசிரியர்களுக்கும், சென்னையில் மென்பொருள் எழுதும் இந்த மண்ணின் பிள்ளைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஏவுதல் நாளில் கடலுக்குப் போக முடியாமல் கரையில் நிற்கும் குப்பங்களுக்கு அந்த இரண்டு வரி விதியையாவது கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளைகள் முதலில் விளையாடட்டும். பிறகு நிரலைத் திறந்து எண்களை மாற்றட்டும். 1969-இல் ஒரு பள்ளி மாணவர் தொடங்கிய வேலையைத் தொடர்வதற்கு, ஏவுதளத்துக்கு எதிர்க்கரையில் பிறந்த பிள்ளைகளைவிட உரிமை உள்ளவர்கள் வேறு யாரும் இல்லை.